கண்டத்தையே கடக்கும் பனிப்புயல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த நம்மவர்கள் டிசம்பர் பிறந்ததும் கேட்க ஆரம்பிக்கும் கேள்விகள் இவை. நான் இருப்பது டெக்சாஸில், டாலஸ் பக்கம். 2021 பிப்ரவரியில் குடும்பத்தோடு மூன்று நாள் கரண்ட் இல்லாமல் இருந்தோம். அதற்கு முன்பு பனிப்புயலைப் பற்றி எனக்கும் பெரிதாக ஒன்றும் தெரியாது. பட்ட பிறகு தேடிப் படித்ததையும் கண்ணால் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன். தெரிந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய உயிர்கள் அந்த வாரத்தில் நிறையப் போயின. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு ஊரில் பனிப்புயல் அடிப்பது புரிகிறது. கண்டத்தையே கடப்பது என்றால் எப்படி?

குளிர்காலத்தில் பசிபிக் கடல் பக்கமிருந்து வரும் காற்றழுத்தத் தாழ்வு மேற்கிலிருந்து கிழக்காக ஓடும். ராக்கி மலைத்தொடரில் ஏறும்போது கொஞ்சம் தளரும், கிழக்குச் சரிவில் இறங்கியதும் மறுபடி வலுவெடுக்கும். அங்கே ஒரு பக்கம் வடக்கிலிருந்து ஆர்க்டிக் குளிர்காற்று இறங்கும், இன்னொரு பக்கம் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று ஏறும். இரண்டும் மோதும் இடத்தில்தான் கொட்டும்.

2021ல் வந்த புயலையே எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 12, 13 தேதிகளில் சியாட்டில், போர்ட்லாண்ட் பக்கம் கரையேறியது. 14, 15ல் டெக்சாஸ், ஓக்லஹோமா மேல் கொட்டியது. அப்புறம் ஓஹாயோ பள்ளத்தாக்கு வழியாக வடகிழக்கே போய்க் கனடாவின் கிழக்கோரம் வரை தொட்டது. இத்தனையும் நாலைந்து நாளில் முடிந்துவிட்டது. அலாஸ்கா, ஹவாய் நீங்கலான அமெரிக்க நிலப்பரப்பில் 73 சதவீதம் பிப்ரவரி 16 அன்று பனிக்கு அடியில் இருந்தது. டெக்சாஸின் தெற்கே கால்வெஸ்டன் கடற்கரை மணலில் வெள்ளையாகப் பனி கிடந்த படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

டெக்சாஸ் வெயில் ஊர் ஆயிற்றே, அங்கே அவ்வளவு குளிர் எப்படி வந்தது?

ஆர்க்டிக்கின் மேல், வானத்தில் வெகு உயரத்தில், குளிர்காலம் முழுக்க ஒரு பெரிய காற்றுச்சுழல் சுற்றிக்கொண்டிருக்கும். துருவச் சுழல் என்று பெயர். அது வலுவாகச் சுற்றும்வரை கடுங்குளிர் பெரும்பாலும் வடக்கிலேயே அடைபட்டிருக்கும். 2021 ஜனவரித் தொடக்கத்தில் அந்த உயரத்தில் திடீரென்று வெப்பம் ஏறிச் சுழல் குலைந்தது. சில வாரம் கழித்து, அதற்குக் கீழே மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக ஓடும் ஜெட் காற்றோட்டம் தெற்கே பெரிதாக வளைந்து தொங்கியது. அந்த வளைவுக்குள் குளிர்காற்று வழிந்து இறங்கிவிட்டது.

வட அமெரிக்காவில் பெரிய மலைத்தொடர்கள் வடக்கு தெற்காகப் படுத்திருக்கின்றன. கனடாவிலிருந்து டெக்சாஸ் வரை நடுவில் குளிரைத் தடுக்க குறுக்கே ஒரு மலைத்தொடர்கூடக் கிடையாது, சமவெளிதான். கதவைத் திறந்து போட்ட மாதிரி. டாலஸில் பிப்ரவரி 16 காலை மைனஸ் 19 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது.

வரும் வேகத்தையும் சொல்ல வேண்டும். 2022 டிசம்பர் 21 அன்று டென்வரில் ஒரே மணி நேரத்தில் வெப்பநிலை 42 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து 5 டிகிரிக்கு விழுந்தது. செல்சியஸ் கணக்கில் பிளஸ் ஐந்தரையிலிருந்து மைனஸ் 15. மெல்லிய ஜாக்கெட்டோடு கடைக்குப் போனவர் திரும்பி வருவதற்குள் ஊரே மாறியிருக்கும்.

பனி, ஐஸ், உறைமழை எல்லாம் ஒன்றுதானே?

நம் மொழியில் புல்மேல் இருப்பதும் பனி, காலையில் பாதையை மறைப்பதும் பனி, இமயத்தில் கிடப்பதும் பனி. அதனால் இந்தக் குழப்பம் வருவது இயல்பு. ஆனால் இங்கே வானிலை அறிவிப்பைப் படிக்கும்போது இந்த வித்தியாசம் தெரிந்தே ஆக வேண்டும்.

மேலேயிருந்து தரை வரை எல்லா அடுக்கும் குளிராக இருந்தால் பஞ்சுப்பனி விழும். நடுவில் ஒரு சூடான அடுக்கு இருந்தால் அந்தப் பஞ்சு உருகி மழைத்துளியாகும். கீழே இருக்கும் குளிரடுக்கு தடிமனாக இருந்தால் துளி மறுபடி உறைந்து கல்குருணையாக விழும். அந்த அடுக்கு மெல்லியதாக இருந்தால் துளிக்கு உறைய நேரம் கிடைக்காது. தண்ணீராகவே வந்து, தொட்ட இடத்தில் தொட்ட நொடியில் உறையும். இதுதான் உறைமழை. பார்வைக்குச் சாதாரணத் தூறல், ஆனால் மூன்றிலும் மோசமானது இதுதான். சாலையில் கண்ணாடி பூசியது போல் இருக்கும், தார் நிறமே தெரியும், ஐஸ் இருப்பது தெரியாது. கிளை, கம்பி எல்லாவற்றிலும் அடுக்கடுக்காக ஏறிக்கொண்டே போகும்.

1998 ஜனவரி 5 முதல் 10 வரை கனடாவின் கியூபெக், ஒன்டாரியோ பகுதிகளிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் இப்படித்தான் பெய்தது. சில இடங்களில் 100 மில்லிமீட்டர் வரை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு மின்கோபுரங்கள் பாரம் தாங்காமல் மடங்கி விழுந்தன. சுமார் 40 லட்சம் பேருக்குக் கரண்ட் போனது. மாண்ட்ரியாலுக்குத் தெற்கே சில ஊர்களில் ஒரு மாதத்துக்கு மேல் இருட்டு. உதவிக்கு வந்த ராணுவத்தினர் மட்டும் சுமார் 16,000 பேர். அத்தனையையும் செய்தது வெறும் தூறல்.

2021ல் டெக்சாஸில் கரண்ட் ஏன் அப்படிப் போனது?

இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும். கண்டம் கடக்கும் புயலில் பெரும்பாலான சேதம் எப்படி வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவின் மின்கட்டமைப்பு ஒன்றல்ல. கிழக்குக்கு ஒன்று, மேற்குக்கு ஒன்று, டெக்சாஸின் பெரும்பகுதிக்குத் தனியாக ஒன்று. டெக்சாஸ் கட்டமைப்பை நடத்துவது எர்காட் என்ற அமைப்பு. அவசரத்துக்குப் பக்கத்திலிருந்து கரண்ட் இழுத்துக்கொள்ளும் வழி அதற்கு மிகக் குறைவு. அதே மாநிலத்தில் எல் பாசோ நகரம் மேற்குக் கட்டமைப்பில் இருக்கிறது. அங்கே பாதிப்பு கொஞ்சம்தான்.

பிப்ரவரி 15 அதிகாலையில் குளிர் ஏற ஏற எல்லா வீட்டிலும் ஹீட்டர் ஓடியது. அதே நேரத்தில் மின்நிலையங்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. நிலையத்தில் அளவுமானிக் குழாய்கள் உறைந்தன. எரிவாயுக் கிணற்றின் வாயிலேயே ஈரம் உறைந்து வாயு வரத்து நின்றது. அப்புறம் நடந்ததுதான் கொடுமை. தேவையைக் குறைக்க ஊர் ஊராக இணைப்பைத் துண்டித்தபோது, எரிவாயுவைத் தள்ளும் சில நிலையங்களுக்கும் சேர்த்தே கரண்ட் போனது. வாயு இல்லாமல் கரண்ட் இல்லை, கரண்ட் இல்லாமல் வாயு இல்லை. ஒன்றை ஒன்று கீழே இழுத்தது.

மின்கட்டமைப்பின் நாடித்துடிப்பு, அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கு, 60 ஹெர்ட்ஸ். அது அன்று இரவு 59.3 வரை இறங்கியது. இன்னும் 4 நிமிடம் 37 விநாடி அப்படியே நீடித்திருந்தால் மொத்தக் கட்டமைப்பும் சரிந்திருக்கும் என்று பிறகு சொன்னார்கள். முழுக்கச் சரிந்தால் மறுபடி எழுப்ப வாரக்கணக்கில் ஆகியிருக்கும். அதைத் தவிர்க்கத்தான் உச்சத்தில் 20,000 மெகாவாட் வரை துண்டித்தார்கள். 45 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இருட்டில் இருந்தார்கள். மாற்றி மாற்றி அரை மணி நேரம், ஒரு மணி நேரம் என்றுதான் நாங்கள் எதிர்பார்த்தோம். ஆனால் துண்டித்த இடத்துக்குத் திருப்பிக் கொடுக்க அவர்களிடம் கரண்ட் இல்லை.

காற்றாலைகள் உறைந்ததுதான் காரணம் என்கிறார்களே?

காற்றாலைகளும் உறைந்தன, உண்மைதான். ஆனால் பெரிய பற்றாக்குறை எரிவாயு நிலையங்களில்தான். கூட்டாட்சி அமைப்புகளின் விசாரணை அறிக்கை 2021 நவம்பரில் வந்தது. டெக்சாஸிலும் அதை ஒட்டிய தென்மத்தியப் பகுதியிலும் சேர்த்துப் பழுதான, உற்பத்தி குறைந்த மின்உற்பத்தி அலகுகள் 1,045. அதில் பாதிக்கு மேல் எரிவாயுவில் ஓடுபவை.

எனக்கு வயிறு எரிவது வேறொன்றுக்கு. 2011 பிப்ரவரியிலும் டெக்சாஸில் இதேபோல் உறைந்து சுழற்சி முறையில் மின்வெட்டு வந்தது. நிலையங்களைக் குளிருக்குத் தயார் செய்யுங்கள் என்று அப்போதே எழுதிக் கொடுத்தார்கள். கட்டாயமாக்கும் சட்டம் வந்தது 2021 ஜூனில்தான். நடுவில் பத்து வருடம்.

உயிரிழப்பு பெரும்பாலும் சாலை விபத்தில்தானா?

இல்லை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். டெக்சாஸ் சுகாதாரத் துறையின் கணக்கில் அந்தப் புயலில் இறந்தவர்கள் 246 பேர். அதில் 161 பேர் குளிரால் இறந்தார்கள். வாகன விபத்து 22. கார்பன் மோனாக்சைடு விஷம் 19. ஏற்கெனவே இருந்த நோய் முற்றியது 25. மீதி தீ விபத்தும் கீழே விழுந்ததும்.

161 பேரில் பலர் இறந்தது சொந்த வீட்டுக்குள், சொந்தக் கட்டிலில். இதை நினைக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது. வயதானவர்களுக்கு உடம்பு குளிர்ந்துகொண்டே போவது தெரியாது. முதலில் நடுங்கும், அப்புறம் நடுக்கம் நின்றுவிடும், பேச்சு குழறும், தூக்கம் வரும். நடுக்கம் நிற்பது நல்ல அறிகுறி இல்லை, உடம்பு தோற்றுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போதே அவசர உதவிக்கு அழைக்க வேண்டும்.

கார்பன் மோனாக்சைடு சாவுகள் ஒவ்வொன்றும் தவிர்த்திருக்கக் கூடியவை. குளிர் தாங்காமல் கராஜுக்குள் காரை ஓடவிட்டு உட்கார்ந்தவர்கள், கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள், ஜெனரேட்டரைக் கதவோரம் வைத்தவர்கள். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, கிறக்கம், அவ்வளவுதான் தெரியும். கராஜ் கதவைத் திறந்து வைத்தாலும் போதாது. ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, வெளியேதான் இருக்க வேண்டும்.

2022 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்துப் பஃபலோவில் நடந்தது என்ன? பனிக்குப் பழகிய ஊர்தானே?

பழகிய ஊர்தான். ஏரிக்கரை ஊர், வருடா வருடம் ஆளுயரப் பனி பார்ப்பவர்கள். கிறிஸ்துமஸுக்கு முன்பு ஒரு தாழ்வழுத்தம் மிக வேகமாக வலுவடைந்தது. 24 மணி நேரத்தில் 24 மில்லிபார் அளவுக்கு அழுத்தம் விழுந்தால் அதை வெடிகுண்டுப் புயல் என்கிறார்கள். ஈரி ஏரியின் மேல் சூறாவளி வேகத்தில் காற்று அடித்தது. ஏரியின் ஈரத்தை அள்ளி, பஃபலோ விமான நிலையத்தில் ஐந்து நாளில் 51.9 அங்குலம், கிட்டத்தட்ட 132 செ.மீ. கொட்டியது. அதைவிட முக்கியமானது, 37 மணி நேரம் கண்ணுக்குக் கிட்டத்தட்ட எதுவும் தெரியாத நிலை. கையை நீட்டினால் கை தெரியாது.

டிசம்பர் 23 வெள்ளிக்கிழமை காலை 9.30க்குத்தான் வண்டி ஓட்டத் தடை வந்தது. அதற்குள் நிறையப் பேர் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, பனி அகற்றும் வண்டி எல்லாமே சிக்கின. காப்பாற்றப் போனவர்களையே காப்பாற்ற வேண்டியதாயிற்று. பஃபலோ இருக்கும் ஈரி கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) மட்டும் 47 பேர் இறந்தார்கள். சிலர் காருக்குள், சிலர் நடந்துபோன வழியில், சிலர் ஹீட்டர் நின்ற வீட்டில், சிலர் பனி அள்ளும்போது வந்த மாரடைப்பில்.

பனியில் கார் சிக்கினால் இறங்கி நடக்காதீர்கள். அந்த வெண்மையில் பத்தடியில் திசை தப்பிவிடும். காரிலேயே இருங்கள், மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட்டுங்கள். ஒவ்வொரு முறை ஓட்டுவதற்கு முன்பும் பின்னால் புகைக்குழாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பார்த்துத் தள்ளிவிடுங்கள். ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள்.

புயல் போகாத ஊர்களுக்கும் பாதிப்பு உண்டா?

நிறைய. 2021ல் டெக்சாஸிலிருந்து குழாய்வழி போகும் எரிவாயு நின்றதால் வட மெக்சிகோவில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் கரண்ட் போனது. கொரோனா தடுப்பூசி போட ஆரம்பித்த காலம் அது. சாலைகளும் சரக்குப் போக்குவரத்தும் முடங்கியதால் சுமார் 60 லட்சம் டோஸ் ஊர்போய்ச் சேரத் தாமதமானது. ஆஸ்டினில் சிப் தொழிற்சாலைகள் மூடியதால் ஏற்கெனவே இருந்த சிப் தட்டுப்பாடு இன்னும் இறுகியது.

2022 டிசம்பர் புயலில் சௌத்வெஸ்ட் விமான நிறுவனம் சுமார் பத்து நாளில் 16,000க்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. மற்ற நிறுவனங்கள் இரண்டு மூன்று நாளில் சுதாரித்துக்கொண்டன. இவர்களுடைய மென்பொருளால் எந்த விமானி எந்த ஊரில் இருக்கிறார் என்ற கணக்கைப் பிடிக்க முடியவில்லை. ஒரு வருடம் கழித்து அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 14 கோடி டாலர் அபராதம் விதித்தது.

இன்னொன்று, மனசுக்கு இதமானது. டெக்சாஸின் தென்கோடியில் சவுத் பாத்ரே தீவில் கடல் ஆமைகள் குளிரில் விறைத்துக் கரை ஒதுங்கின. ஊர் மக்கள் அவற்றைத் தங்கள் கார்களில் அள்ளிக்கொண்டு வந்து மாநாட்டு அரங்கின் தரையில் வரிசையாகப் படுக்க வைத்தார்கள். ஆயிரக்கணக்கில்.

பூமி சூடாகிறது என்கிறார்கள், பிறகு ஏன் இந்தக் குளிர்?

சராசரியாகப் பார்த்தால் குளிர்காலம் சூடாகித்தான் வருகிறது, கடுங்குளிர் நாட்கள் குறைந்துதான் வருகின்றன. அதனால் குளிர் வரவே வராது என்று அர்த்தமில்லை. ஒரு டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடான காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும், ஆகவே குளிரும் ஈரமும் சந்திக்கும் இடத்தில் கொட்டுவதும் கூடலாம். ஆர்க்டிக் சூடாவதால் துருவச் சுழல் அடிக்கடி குலைகிறதா என்பதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே இன்னும் வாதம் நடக்கிறது.

குளிரில் குழாய் எப்போது வெடிக்கும்?

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். உறைந்த அடைப்புக்கும் மூடிய குழாய்க்கும் நடுவில் மாட்டிய தண்ணீருக்குப் போக இடமில்லாமல் அழுத்தம் ஏறி, பலவீனமான இடத்தில் கிழியும். குழாயைச் சொட்டவிடச் சொல்வது இதற்காகத்தான். சொட்டினால் அழுத்தம் வெளியேறும்.

ஆனால் கிழிந்தது அப்போது தெரியாது. உள்ளே ஐஸ்தானே அடைத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் பக்கம் பல வீடுகளில் தண்ணீர்க்குழாய் கூரைக்குக் கீழே அட்டிக்கில் ஓடும். மூன்றாம் நாள் மதியம் கரண்ட் வந்தது, வெயிலும் வந்தது. எல்லோரும் அப்பாடா என்று உட்கார்ந்தோம். அரை மணி நேரத்தில் குழந்தைகள் அறையின் மேல் எங்கேயோ தண்ணீர் ஓடும் சத்தம். நிமிர்ந்து பார்த்தால் கூரைப்பலகையில் ஒரு தட்டு அளவு ஈரம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாய் அளவு ஆனது. நடுவில் தொந்தி விழுந்தது. என் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த கையோடு பலகை மொத்தமும் கட்டில்மேல் விழுந்தது. நான் வாசலில் இருட்டிய மீட்டர் பெட்டிக்குள் கையை விட்டுத் தடவிக்கொண்டிருந்தேன். தண்ணீரை நிறுத்தும் வால்வு எங்கே இருக்கிறது, எதனால் திருப்ப வேண்டும் என்று ஆறு வருடம் அந்த வீட்டில் இருந்தும் நான் பார்த்து வைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் நீளக் கம்பிச் சாவியோடு ஓடிவந்து மூடினார்.

அப்படியானால் புயல் வருவதற்கு முன்பு எதைச் செய்து வைப்பது?

முதலில் அந்த வால்வு. இன்றைக்கே போய்ப் பாருங்கள், ஒரு முறை மூடித் திறந்து பாருங்கள், வீட்டில் எல்லோருக்கும் காட்டுங்கள்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும். காரில் பாதி டேங்குக்குக் குறையாமல் பெட்ரோல். மருந்து ஒரு வாரத்துக்கு. தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் கணக்கில். 2021ல் கரண்ட் வந்த பிறகும் டெக்சாஸில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குக் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்ற அறிவிப்பு இருந்தது, சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் கரண்ட் போயிருந்ததால்.

வெப்பம் போனால் வீடு முழுக்க நடமாடாதீர்கள். எல்லோரும் ஒரே சின்ன அறையில், கதவிடுக்கில் துண்டைச் சொருகி, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு இருங்கள். தடித்த ஒன்றைவிட மெல்லிய மூன்று உடுப்பு நல்லது.

உங்கள் தெருவில் தனியாக இருக்கும் வயதானவர் யார், ஆக்சிஜன் மெஷினில் இருப்பவர் யார் என்று தெரிந்து வைத்திருங்கள். கரண்ட் போன முதல் இரவிலேயே போய்க் கதவைத் தட்டுங்கள். ஃபோன் வேலை செய்யாது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

புயல் போய், கரண்டும் வந்துவிட்டது. இனி?

வெடித்த குழாயின் சேதத்தை வீட்டுக் காப்பீடு பெரும்பாலும் ஏற்கும். வெளியிலிருந்து வரும் வெள்ளம் அதில் சேராது, அதற்குத் தனிக் காப்பீடு. விழுந்த பலகை, நனைந்த கம்பளம் எதையும் படம் எடுக்காமல் அப்புறப்படுத்தாதீர்கள். ஈரமானதை ஓரிரு நாளுக்குள் காயவைக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும். மூடிய ஃபிரிட்ஜில் 4 மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் இருந்த பால், இறைச்சி, சமைத்த உணவைக் கொட்டிவிடுங்கள்.

அப்புறம், வீட்டிலுள்ள எல்லாக் குழாயையும் மூடிவிட்டு வாசலில் இருக்கும் தண்ணீர் மீட்டரைக் குனிந்து பாருங்கள். பல மீட்டர்களில் சின்னதாக ஒரு முக்கோணம் இருக்கும். எதுவும் திறந்திராதபோதும் அது சுற்றினால் எங்கேயோ தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டில் அட்டிக்கைச் சரிசெய்து நாலு நாள் கழித்தும் அது மெதுவாகச் சுற்றியது. தோட்டத்துக் குழாயின் பின்னால், செங்கல் சுவருக்குள், நகக்கீறல் அளவுக்கு ஒரு விரிசல்.